வடக்கு அந்தமானில் ஓர் உணவுப் பயணம்

விடுமுறைக்கு எங்கே போவது என்ற பேச்சு எழுந்தவுடன், நம் இல்லங்களில் உதகையும் கொடைக்கானலும் முதலில் வந்து நிற்கும். மலையும் வேண்டும், நாட்டுப்புறமும் வேண்டும், நாவுக்குப் புதுச்சுவையும் வேண்டும் என்போருக்கு நான் கூறும் இடம் வேறு. அந்தமானின் வடபகுதியே அது. ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர் ஆகிய மூன்று ஊர்களையும் அவற்றைச் சூழ்ந்த நெல்வயற் சிற்றூர்களையும் எட்டு நாளில் நிதானமாகக் கண்டு வரலாம்.

காலம் அறிந்து புறப்படுதல் முதல் வேலை. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழியும் நாடு அது. மே முதல் நவம்பர் வரை கடலும் சாலையும் நம் சொற்படி கேளா. தை மாதமே தக்கது. அறுவடை முடிந்து புத்தரிசி வீட்டுக்கு வந்திருக்கும்.

அடுத்தது வழி. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து டிக்லிபூருக்குத் தரைவழி முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அச்சாலை ஜாரவா மக்களின் காட்டை ஊடுருவிச் செல்கிறது. ஜிர்காடாங் சாவடியில் வண்டிகளை வரிசையாகச் சேர்த்துக் காவலுடன் அனுப்புவார்கள். இடையில் நிற்றல் கூடாது. படம் எடுத்தல் கூடாது. அம்மக்களுக்கு உணவு கொடுத்தல் கூடவே கூடாது. பழங்குடியினரைக் காக்க 1956-இல் பிறந்த சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. வந்தவர்க்கு இலையிட்டுப் பழகிய நமக்கு இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் வேட்டையாடியும் மீன் பிடித்தும் தேன் எடுத்தும் தம் உணவைத் தாமே தேடிக்கொள்ளும் சில நூறு பேர் அவர்கள். 1998-க்குப் பின் வெளியார் தொடர்பு பெருகிற்று. மறு ஆண்டே தட்டம்மை அவர்களிடையே பரவியது. வண்டியிலிருந்து எறியப்படும் பிஸ்கட் பொட்டலம் அவர்களுக்கு விருந்தன்று. அக்காட்டினூடே செல்லும் சாலையை மூடுமாறு 2002-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டும், அது மூடப்படவில்லை.

ஆகவே, கப்பலில் செல்க என்பதே என் கருத்து. ரங்கத்துக்கும் மாயாபந்தருக்கும் டிக்லிபூருக்கும் அரசுக் கப்பல்கள் உண்டு. சீட்டுக் கிடைப்பது எளிதன்று. காற்றுக் கடுமையானால் பயணம் நின்றும் போகும். ஒரு நாளைக் கையிருப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளுடன் செல்வோர் இதை மறவாதிருப்பது நலம்.

இனி உணவு. 1949 முதல் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் இத்தீவுகளில் காடு திருத்தி நெல் விதைத்தனர். ஆதலால் ரங்கத், டிக்லிபூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் வங்காளச் சமையலே மிகுதி. கடுகை அரைத்து ஊற்றிய மீன்குழம்பு முதல் நாள் மூக்கில் ஏறும். மூன்றாம் நாள் கேட்டு வாங்கச் செய்யும். நம் பொங்கலையொட்டியே அவர்களுக்குப் பௌஷ சங்கராந்தி. அன்று வீடுதோறும் 'பிட்டே' செய்வர். பெயரைக் கேட்டால் நம் பிட்டு நினைவுக்கு வரும். பொருளும் தொலைவிலில்லை, அரிசி மாவும் தேங்காயும் வெல்லமுமே. அவற்றுள் பாட்டிசாப்டா என்பது கொழுக்கட்டைப் பூரணத்தை மெல்லிய தோசைக்குள் சுருட்டி வைத்தாற்போன்றது.

மாயாபந்தருக்கு அருகே வெபி என்னும் சிற்றூர். 1925-இல் காட்டு வேலைக்காகப் பர்மாவிலிருந்து அழைத்து வரப்பட்ட கரேன் மக்கள் அங்கு வாழ்கின்றனர். மூங்கிற் குருத்தும் மீனும் கீரையும் கலந்த அவர்கள் குழம்பில் எண்ணெய் அரிது. 'ஙப்பி' என்னும் புளித்த மீன்விழுது உண்டு. பர்மாவிலிருந்து திரும்பிய நம் குடும்பத்துப் பெரியவர்களுக்கு அந்த மணத்தை விளக்க வேண்டியதில்லை! முன்கூட்டிச் சொல்லிவிட்டே செல்ல வேண்டும். அவை உணவு விடுதிகள் அல்ல, வீடுகள்.

டிக்லிபூரில் மலை இருக்கிறது. 732 மீட்டர் உயர்ந்த சாடில் சிகரமே அந்தமானில் மிக உயர்ந்தது. ஏறி இறங்க ஒரு பகல் ஆகும், விடியுமுன் புறப்படுக. அவ்வூர் ஆரஞ்சு பெயர் பெற்றது.

மொழி பற்றிக் கவலை வேண்டா. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேரளவில் தமிழைத் தாய்மொழியாகக் கூறினர். சைவ உணவினர் சிறிது அவலும் பருப்புப்பொடியும் கொண்டுபோவது உதவும். கடற்கரையில் எவரேனும் ஆமை முட்டை என்று காட்டினால் விலகிவிடுக. அது சட்டத்தால் தடுக்கப்பட்டது. காளிபூர்க் கரைக்கு அந்த ஆமைகள் முட்டையிட வருவதும் இதே பருவத்தில்தான். இரவில், வனத்துறையினர் அனுமதியுடன், விளக்கின்றி நின்று பார்க்கலாம்.