தலைக்கு இவ்வளவு

கோவை மாவட்டத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். பிள்ளைகளைப் பொறியியல் கல்லூரிக்கு அனுப்பிவைத்துத் தரகு வாங்கியிருக்கிறேன்.

நடைமுறை எளிது. பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே தனியார் கல்லூரியின் பி.ஆர்.ஓ. ஸ்வீட் பாக்ஸோடு வீட்டுக்கு வந்துவிடுவார். மாணவர் பெயர், அப்பாவின் போன் நம்பர், எதிர்பார்க்கும் மார்க். இவற்றை எழுதிக் கொடுத்தால் போதும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் எத்தனை பேர் சேர்ந்தார்களோ, தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு, அட்மிஷன் முடிந்ததும் கவர் வரும். மனைவியிடம் டியூஷன் காசு என்று சொல்லிவைத்திருந்தேன்.

காசுக்காக மட்டும் செய்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். நம்பித்தான் செய்தேன். 1980களின் நடுவில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் முளைத்ததிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தவன். 2000இல் சென்னையில் டைடல் பார்க் திறந்தார்கள். எங்கள் தெருவில் ரேஷன் கடையில் எடை போட்டவரின் மகன் அமெரிக்கா போனான். 2007இல் நுழைவுத் தேர்வும் போயிற்று. மாநிலத்தில் கல்லூரிகள் 500ஐத் தாண்டின. வீட்டில் முதல் பட்டதாரியாக ஒரு பையன் வந்தால் அந்தக் குடும்பம் மேலே வந்துவிடும் என்பதைக் கண்ணால் கண்டேன். அது பொய்யில்லை, இன்றைக்கும் பொய்யில்லை. ஒருவனுக்குப் பலித்த மருந்தை வந்தவன் போனவனுக்கெல்லாம் எழுதிக் கொடுத்ததுதான் என் தப்பு.

என் மண்டைக்குள் ஒரே ஒரு கோடுதான் இருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் படிக்கிறவன், அவனுக்கு பி.இ.; அந்தப் பக்கம் படிப்பு ஏறாதவன், அவனுக்கு ஐடிஐ. எந்த வேலைக்கு நாளை ஆள் தேவைப்படும், அந்த வேலைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று நான் யாரையும் விசாரித்ததில்லை. பம்ப்செட்டும் நூற்பாலையும் வார்ப்படப் பட்டறையும் நிறைந்த ஊரில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன், ஒரு பட்டறைக்குள்ளும் கால் வைத்ததில்லை. பள்ளி வாசலில் 'எங்கள் பொறியாளர்கள்' என்று ஃப்ளெக்ஸ் வைத்தோம். ஃபிட்டர் ஆனவனுக்கு யார் ஃப்ளெக்ஸ் வைப்பார்கள்?

2012இல் ஒரு பையன். அப்பா சோமனூர்ப் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டுபவர். பள்ளியில் தண்ணீர் மோட்டார் மக்கர் செய்தால் ஹெட்மாஸ்டர் எலக்ட்ரீசியனைக் கூப்பிட மாட்டார், இவனைத்தான் கூப்பிடுவார். "ஃபுட் வால்வு ஒழுகுதுங்க சார், அதான் தண்ணி நிக்கமாட்டேங்குது" என்று காதை வைத்தே சொல்லுவான். சுமாரான மார்க். ரிசல்ட் வந்த வாரம் அப்பா என்னைத் தேடி வந்தார்.

"ஐடிஐல மோட்டார் மெக்கானிக் சேரோணும்ங்கறானுங்க சார். அப்புறம் கம்பெனியில அப்ரன்டிஸ் எடுப்பாங்களாமா."

"ஏனுங்க, நீங்க தறியில நின்னது போதாதா? அவனும் கையில கிரீஸோட நிக்கோணுமா?"

மனிதர் தலை குனிந்துவிட்டார். "நீங்க சொன்னாச் சரிங்க சார்" என்றார்.

இதுகூடப் பெரிய குற்றமில்லை; அடுத்ததுதான். முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும் சலுகை 2010இலேயே வந்துவிட்டது. ஆனால் அப்போது அண்ணா பல்கலைக்கழகம் நடத்திய கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான் அது கிடைக்கும். கவுன்சலிங் வரைக்கும் காத்திருந்தால் அந்தப் பையனுக்கு அதே மாதிரி ஒரு கல்லூரியில், அதே மெக்கானிக்கல் சீட்டு, சலுகையோடு கிடைத்திருக்கும். காத்திருந்தால் எனக்குக் கவர் கிடைத்திருக்காது. "இப்பவே சீட்டைப் பிடிச்சு வெச்சுக்கிறது நல்லது" என்று மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்துவிட்டேன். அம்மாவின் நகை அடகுக்குப் போனது. மீதிக்கு பேங்க் லோன்.

அவன் அரியர்களோடு மல்லுக்கட்டி முடித்தான். கல்லூரி லேபில் ஒரு லேத்தைச் சுற்றி இருபது பேர் நின்று பார்ப்பார்களாம். தொட்டுப் பார்க்க முறை வருவதற்குள் மணி அடித்துவிடுமாம். காதை வைத்தே மோட்டாரின் நோய் சொன்னவன், நாலு வருஷம் மோட்டாரைத் தொடாமல் மோட்டாரைப் பற்றி எழுதினான். இப்போது டூ வீலர் ஃபைனான்ஸில் தவணை வசூலிக்கிறான். 2019 நவம்பரில் கோவை மாநகராட்சி 549 தூய்மைப் பணியாளர் இடங்களுக்கு ஆள் எடுத்தபோது சுமார் 7,000 பேர் வந்து நின்றார்கள். அதில் பொறியியல் பட்டதாரிகளும் இருந்தார்கள் என்று பேப்பரில் படித்தபோது, கூட்டத்துப் படத்தில் தெரிந்த முகம் ஏதும் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் கணக்கு எங்கே தப்பியது என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் உறைத்தது. பள்ளிக்கு நன்கொடை கேட்டு, குறிச்சி சிட்கோவில் பட்டறை வைத்திருக்கும் பழைய மாணவன் ஒருவனிடம் போனேன். அவனை நான் மறக்கவில்லை. "கணக்கு ஏறாதுங்க, ஏதாவது தொழில் கத்துக்கட்டும்" என்று அவன் அம்மாவிடம் சொல்லி ஐடிஐக்குத் தள்ளிவிட்டவனே நான்தான்.

போனபோது ஒரு டையின் சரிவு சரியாக 25 டிகிரி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு உருளைகளின் மேல் உட்கார்ந்த ஓர் எஃகுப் பட்டை. அதற்குப் பெயர் சைன் பார். உருளைக்கும் உருளைக்கும் இடையே 200 மில்லிமீட்டர். 25 டிகிரிக்கு சைன் மதிப்பு 0.42262. பெருக்கினால் 84.524. அந்த உயரத்துக்கு ஒரு பக்கத்தைத் தூக்க வேண்டும். பெட்டியிலிருந்து 80, 2.5, 1.02, 1.004 என்று நாலு ஸ்லிப் கேஜ்களை, அதாவது துல்லியமான அளவுக் கட்டைகளை, எடுத்தான். துணியால் துடைத்து, ஒன்றின்மேல் ஒன்றை அழுத்தித் திருகினான், பசையில்லாமலே ஒட்டிக்கொண்டன. சைன் பாரின் மேல் டையை வைத்து டயல் கேஜை ஓட்டினான். முள் அசையவில்லை. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரைக்கும் கணக்குப் பார்த்து வேலை செய்கிறான், கணக்கு ஏறாதவன்.

"நீங்க நடத்துனதுதானுங்க சார். அப்ப எதுக்குன்னே தெரியலை. ஐடிஐல இதைக் கையில குடுத்தப்பத்தான் புரிஞ்சுது."

குத்திக்காட்டவில்லை, இயல்பாகத்தான் சொன்னான். ஆயுசு முழுக்க முக்கோணவியல் நடத்திய நான் சைன் பாரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அவன் ஐடிஐ முடித்து, டிப்ளமோவில் நேரே இரண்டாம் வருஷம் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே பார்ட் டைம் பி.இ.யும் முடித்திருந்தான். அப்படி ஒரு வழி இருப்பதே எனக்குத் தெரியாது. வழிகாட்டி என்று பேர் வாங்கியிருந்தவன் நான்.

ஆள் கிடைக்கவில்லை என்று அவனும் புலம்பினான். வருகிற பி.இ. பையன்களுக்கு டிராயிங் படிக்கத் தெரிவதில்லை. வருகிற ஐடிஐ பையன்களோ சிஎன்சி மெஷினின் இங்கிலீஷ் மேனுவலைக் கண்டால் ஒதுங்குகிறார்கள். கையால் லேத் ஓட்டிய பெரியவர்களுக்கு வேலை சுருங்குகிறது. ஒரு தொழில் கற்றுக்கொண்டால் சாகும்வரை சோறு போடும் என்பதும் பழைய கதை. நான் போட்ட கோட்டுக்கு இரண்டு பக்கமும் பாதி ஆட்கள்தான் நின்றார்கள்.

உலகப் பொருளாதார மன்றம் 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையை இப்போது உட்கார்ந்து படிக்கிறேன். 2030க்குள் 17 கோடி புது வேலைகள் வரும், 9.2 கோடி வேலைகள் போகும், இன்றைக்கு ஒரு வேலைக்குத் தேவைப்படும் திறன்களில் 39 சதவீதம் மாறிவிடும் என்கிறது. வேகமாக வளரும் வேலைகளில் செயற்கை நுண்ணறிவும் டேட்டாவும் முன்னால் நிற்கின்றன. எண்ணிக்கையில் அதிகம் கூடப்போவது விவசாய வேலை, டெலிவரி, கட்டடத் தொழில் போன்றவை. நர்ஸ் வேலையும் கூடுகிறது. பட்டம் ஒன்றே கதி என்று சொன்னவனையும், பட்டமே வேண்டாம் என்கிறவனையும் ஒரே அறிக்கை பொய்யாக்குகிறது. தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐக்களில் சுமார் 2,877 கோடி ரூபாய் செலவில் ரோபோவும் சிஎன்சியும் கொண்டுவந்திருக்கிறார்கள். நான் தண்டனையாக அனுப்பிய இடத்துக்கு நல்ல மார்க் எடுத்தவனையும் அனுப்பலாம். அங்கிருந்து மேலே ஏற வழியும் இருக்கிறது. அந்தத் தறிக்காரரிடம் இந்த இரண்டையும் சொல்லி, முடிவை அவர் பையனிடம் விட்டிருக்க வேண்டும்.

அவரை இன்றும் சந்தையில் பார்க்கிறேன். "வாத்தியாரய்யா" என்று கும்பிடுகிறார். கவர் விஷயம் அவருக்குத் தெரியாது. வாங்கிய தொகை எவ்வளவு என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கும் வசதியும் இருக்கிறது. கொடுத்தால் எதற்கு என்று சொல்ல வேண்டிவரும்.

தெரிந்தவர்கள் பிள்ளைகளை அழைத்து வந்தால் இப்போதெல்லாம் ஐடிஐ, பாலிடெக்னிக், அப்ரன்டிஸ் என்று விலாவாரியாகப் பேசுகிறேன். போன மாதம் மகள் போன் செய்தாள். பேரன் பத்தாவது. எதைக் கண்டாலும் கழற்றிப் பூட்டுகிற பையன். "பாலிடெக்னிக்ல சேர்த்தலாமாப்பா?" என்று கேட்டாள். "முதல்ல பிளஸ் டூ முடிக்கட்டும்மா, அப்புறம் பி.இ. பார்த்துக்கலாம்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. இந்த முறை எந்தக் கவரும் வரப்போவதில்லை. பழியைக் கவர் மேல் போட்டுத் தப்பிக்கவும் முடியாது.