பந்து கையில் இருந்தால்தான் வண்டி

பேருந்து வேண்டாம், ரயிலில்தான் போக வேண்டும் என்று ஆசிரியர் அறையில் நான் பிடிவாதமாக நின்றேன். எங்கள் பிள்ளைகள் பூதலூரில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருப்பவர்கள். கேட் மூடினால் நின்று, போகிற வண்டிக்குக் கையசைப்பவர்கள். ஆனால் ரயிலில் ஏறிப் போனவர்கள் யார் என்று கேட்டால் வகுப்பில் பாதிக் கைகள்கூட உயரவில்லை. ரயிலில் ஏறாத பிள்ளையைத் திருச்சி ரயில்வே அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனால், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் மணியும் கடிகாரமும் அதற்கு வெறும் பழைய சாமான்தான்.

அதிலும் இந்தப் பாதைக்கே ஒரு கதை உண்டு. நாகப்பட்டினத்தில் தொடங்கிய தண்டவாளம் 1862இல் திருச்சிக்கு வந்து சேர்ந்தது. முதலில் போட்டது அகலப் பாதை. 1875இல் அதை மாற்றி மீட்டர் பாதை ஆக்கினார்கள். நூறு வருஷத்துக்கும் மேல் அப்படியே ஓடி, 1990களின் கடைசியில்தான் மறுபடியும் அகலப் பாதை ஆனது. பாசஞ்சரின் ஜன்னலோரம் உட்கார்ந்து இதைச் சொன்னபோது, ஒரு பையன் குனிந்து பக்கத்துத் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு அருங்காட்சியகத்து முற்றத்தில் நிற்கும் நீராவி எஞ்சினுக்கு அடியில் அவனே டேப்பைப் பிடித்து அளந்தான். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் சரியாக ஒரு மீட்டர். "நம்ம வண்டி ஓடுறது 1676 மில்லிமீட்டர்ல இல்லையா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டான்.

போகிற வழியில் திருவெறும்பூர் தாண்டியதும் பொன்மலை. நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வே பணிமனையை 1928இல் இங்கே கொண்டுவந்தார்கள். ஊட்டி மலை ரயிலுக்குப் புது நீராவி எஞ்சின்களைச் செய்துகொடுத்ததும் இதே பணிமனைதான். 1946 செப்டம்பர் 5 அன்று இங்கே நடந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் ஐந்து பேர் செத்துப்போனார்கள். அதையும் பிள்ளைகளிடம் சொன்னேன். எஞ்சினைக் காட்டிவிட்டு, அதைச் செய்தவர்களைச் சொல்லாமல் விடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

எங்களோடு ஒரு மாணவியின் தாத்தாவும் வந்திருந்தார். மீட்டர் பாதைக் காலத்தில் சின்னச் சின்ன ஊர்களில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அருங்காட்சியகத்துக்குள் கடிகாரம், பேட்ஜ், பழைய வரைபடம் எல்லாவற்றையும் கடந்து நேராக டோக்கன் கருவியின் முன்னால் போய் நின்றார்.

"ஒத்தைப் பாதை, பாப்பா. எதிர்ல வண்டி வந்தா என்ன ஆகும்?" என்று ஆரம்பித்தார். இரண்டு ஸ்டேஷனிலும் இப்படி ஒவ்வொரு கருவி இருக்கும். இரண்டும் மின்கம்பியால் இணைந்திருக்கும். அடுத்த ஸ்டேஷன்காரர் ஒத்துக்கொண்டால்தான் இங்கே கைப்பிடி திரும்பும். திரும்பினால் உள்ளங்கையில் அடங்கும் ஓர் இரும்புப் பந்து வெளியே வந்து விழும். ஒரு பந்து வெளியே இருக்கும்வரை இரண்டு கருவியிலும் இன்னொன்றை எடுக்க முடியாது. அந்தப் பந்தைத் தோல்பையில் போட்டு, பையைப் பிரம்பு வளையத்தில் மாட்டி டிரைவரிடம் கொடுக்க வேண்டும். அது கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்கமாட்டார். நிற்காத வண்டியென்றால், ஓடுகிற எஞ்சினிலிருந்து கையை நீட்டி வளையத்தை வாங்கிக்கொள்வார்கள். பழைய வளையம் பிளாட்பாரத்தில் வந்து விழும்.

சொல்லிக்கொண்டே வலது கையை நீட்டி, முழங்கையை மடக்கி, வளையம் தோளில் ஏறுவதைச் செய்து காட்டினார். மழைநாள் இரவில் தீப்பந்தத்தின் வெளிச்சத்தில் வளையத்தைத் தூக்கிப் பிடித்து நின்றதையும் சொன்னார். "ராத்திரி பயமா இருக்காதா தாத்தா?" என்று ஒரு பெண் கேட்டாள். "பந்து டிரைவர்கிட்ட போயிடுச்சுன்னா எதிர்ல வண்டி வராதுன்னு எனக்குத் தெரியும். அப்புறம் என்ன பயம்?" என்றார். அந்தப் பதிலை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குத் தந்திருக்காது. வெறும் இரும்பையும் கம்பியையும் வைத்து, முகம் தெரியாத இரண்டு பேர் நூற்றுக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இப்போது நாங்கள் வந்த வழி இரட்டைப் பாதை. வண்ண விளக்குகள்தான் எல்லாம் சொல்கின்றன. நல்லதுதான். ஆனாலும் அந்தக் கைப்பிடியைத் திருப்பியவர்கள் இருக்கும்போதே பிள்ளைகள் அவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

திரும்பும் வண்டியில் பையன்கள் சிலர் தாத்தாவைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். பந்து தொலைந்துபோனால் என்ன செய்வீர்கள், டிரைவர் வளையத்தைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்று கேள்வி மேல் கேள்வி. பூதலூர் வரும்வரை அவர் சளைக்காமல் பதில் சொன்னார். பொன்மலைப் பணிமனைக்குள் பிள்ளைகளைக் கூட்டிப்போக அனுமதி கேட்டு மறுநாளே கடிதம் எழுதினேன். தாத்தாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.