குளுவாங்கில் வாங்கிய கோப்பி

ஜொகூர் மாநிலத்தை ஊடறுத்துச் செல்லும் இரயில் பாதை 1909-இல் திறக்கப்பட்டது. ஜொகூர்பாருவிலிருந்து கெமாஸ் வரை ஏறத்தாழ 120 மைல். 1923-இல் கடற்பாலத்தின் மேலும் வண்டி ஓடத் தொடங்கியது. கூலாய், ரெங்கம், குளுவாங், பாலோ, பெக்கோக், லாபிஸ், சிகாமட் என்று ஒவ்வொரு நிலையத்தின் பெயரும் நம்மவர்களுக்கு ஒரு தோட்டத்தை நினைவூட்டும்.

ஒரே லயத்தில் பிறந்தவர்களை ஊர் ஊராகப் பிரித்ததிலும் இந்தப் பாதைக்குப் பங்குண்டு. வேலை தேடிச் சிங்கப்பூருக்குப் போனவர்கள், 1965-இல் நாடுகள் பிரிந்ததும் அயல்நாட்டினர் ஆனார்கள். 1967 முதல் பாலத்தைக் கடக்கப் பாஸ்போர்ட் தேவைப்பட்டது. 1969-க்குப் பின், சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானதால், பலர் 'ரஜூலா' கப்பலேறித் தமிழ்நாட்டுக்கே திரும்பினார்கள். தூரம் கூடியது, சிறு மனத்தாங்கல்களும் அதோடு சேர்ந்து வளர்ந்தன.

1992-இல் ஒரு நாள் தஞ்சோங் பகார் நிலையத்தில் கோலாலம்பூர் வண்டியில் ஏறினேன். எதிரில் வெள்ளைச் சட்டை அணிந்த பெரியவர் ஒருவர். ஜொகூர்பாருவில் ஓர் அம்மாள் ஏறி, டிக்கெட்டைப் பார்த்து, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், பேசவில்லை. அவர் சன்னல் வழியே செம்பனை மரங்களைப் பார்த்தார். அந்த அம்மாள் மடியிலிருந்த பையைப் பார்த்தார். ரெங்கம் போயிற்று. ஒரு வார்த்தை இல்லை.

குளுவாங் நிலையத்தின் கோப்பிக் கடை 1938 முதல் பேர் பெற்றது. வண்டி நின்றதும் பெரியவர் அவசரமாக இறங்கிப்போய், கயிறு கட்டிய கோப்பிப் பொட்டலங்கள் இரண்டுடன் திரும்பினார். ஒன்றை நீட்டினார்.

அந்த அம்மாள் வாங்கிக்கொண்டார். பிறகு, அவர் கையிலிருந்ததைப் பார்த்து, "சீனி போட வேணாம்னு சொன்னிங்களா, அண்ணே? ஒங்களுக்கு இனிப்பு நீராமே" என்றார்.

பெரியவர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் பெக்கோக் வரை பேச்சு ஓயவில்லை. தாயார் இறந்தபோது தந்தி தாமதமாகப் போய், அண்ணன் வருமுன் அடக்கம் முடிந்துவிட்டது. அன்று எழுந்த கோபம் பதினோரு ஆண்டுகள் நீடித்ததாம். ஆனாலும் அண்ணனுக்கு என்ன நோய், என்ன மருந்து என்று தங்கைக்குத் தெரிந்தேயிருந்தது. சிகாமட்டில் மூத்த அக்காளின் கருமாதிக்குப் போகிறார்கள். அக்காள் மகன்தான் டிக்கெட்டுகளைப் பக்கத்துப் பக்கத்தில் எடுத்து அனுப்பியிருக்கிறான்.

"அக்கா இருக்கிறப்பவே இப்படி ஒண்ணா வந்திருக்கலாம். அதைப் பார்க்க அதுக்குக் கொடுத்து வைக்கலை" என்றார் அந்த அம்மாள். அண்ணன் தலையை மட்டும் அசைத்தார். சிகாமட்டில் பையை அவர் தூக்கிக்கொள்ள, இருவரும் சேர்ந்தே இறங்கினார்கள்.

தஞ்சோங் பகார் நிலையம் 2011 ஜூன் 30-உடன் சேவையை நிறுத்திக்கொண்டது. 2025 டிசம்பர் முதல் கோலாலம்பூரிலிருந்து ஜொகூர்பாருவுக்கு மின்சார இரயில் விரைகிறது. சன்னலுக்கு வெளியே ரப்பர் குறைந்து செம்பனை நிறைந்திருக்கிறது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து போக முடியாத அந்தச் சில மணி நேரம் இன்னும் இருக்கிறது.

உங்கள் குடும்பத்திலும் பேச்சில்லாத அண்ணன் தங்கை இருந்தால், இரண்டு டிக்கெட்டுகளைச் சேர்த்து எடுத்துக் கொடுங்கள். அதற்காக ஒரு கருமாதி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.