பக்கத்து வீட்டு உறைமோர்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் பயணம் செய்தவர்கள் கண்ணமங்கலத்தைப் பேருந்துச் சன்னல் வழியாகவாவது பார்த்திருப்பார்கள். மேற்கே ஜவ்வாது மலை நிற்கும். அவ்வூரில் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், தம் வீட்டின் முன்னறையில் பத்துக் கணினிகளை வைத்து, மலையிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றித் திறந்துவிட்டிருந்தார். யாவும் பிறர் பயன்படுத்திக் கழித்த கணினிகள். ஞாயிறுதோறும் சென்று அவற்றைப் பழுது பார்ப்பது என் பொறுப்பு. அந்தப் பொறுப்பில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது. அது உடைந்த கதையே இப்பதிவு.

2019ஆம் ஆண்டின் ஒரு ஞாயிறு. மலையிலிருந்து வந்த மாணவி ஒருத்தி, தேர்வு விண்ணப்பம் ஒன்றின் கடைசி நாளன்று எங்கள் அறைக்கு வந்தாள். பக்கம் திறக்கவே பத்து நிமிடம் ஆயிற்று. புகைப்படத்தை ஏற்றும்போது பாதியில் நின்றது. மூன்று முறை முயன்றோம். "கடைசி நாள் அல்லவா, அங்கே நெரிசலாக இருக்கும்" என்று நான் அவளிடம் உறுதியாகச் சொன்னேன். மலைக்குச் செல்லும் மாலைப் பேருந்துக்கு நேரமாகிவிட, அவள் முடிக்காமலேயே எழுந்து போனாள்.

அவள் போன பிறகுதான் ரவுட்டரைப் பார்த்தேன். விளக்குகள் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தன. பத்துக் கணினிகளும் விண்டோஸ் 10இன் பெரிய மேம்படுத்தல் ஒன்றைத் தனித்தனியே தரவிறக்கிக்கொண்டிருந்தன. ஒன்று ஏறத்தாழ மூன்று ஜிபி, பத்துக்கு முப்பது. எங்கள் இணைப்போ நொடிக்கு 8 மெகாபிட், அதாவது ஒரு மெகாபைட். முப்பது ஜிபி இறங்க எட்டு மணி நேரத்திற்கும் மேலாகும். மற்ற ஒன்பது கணினிகளையும் அணைத்திருந்தாலே அவளது விண்ணப்பம் போயிருக்கும். எனக்கு அது தோன்றவில்லை.

"தம்பி, அந்த அப்டேட்ட மொத்தமா நிறுத்திடுங்களேன். பிள்ளைங்க வேலைதானே முக்கியம்?" என்றார் ஆசிரியர். நியாயமான கேள்வி. ஆனால் 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட திருத்தத்தை நிறுவாமல் விட்ட கணினிகளைத்தான், அடுத்த இரண்டு மாதத்திற்குள், மே 12 அன்று, வானாக்ரை தாக்கத் தொடங்கிச் சுமார் 150 நாடுகளில் கோப்புகளைப் பூட்டியது. பிள்ளைகளின் சான்றிதழ் நகல்கள் எங்கள் கணினிகளில் இருந்தன. நிறுத்த மனம் வரவில்லை.

நிறுத்தவும் தேவையில்லை. தயிருக்கு உறை இல்லையென்றால் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி மோர் வாங்கிக்கொள்வோம் அல்லவா? 2001இல் பிராம் கோஹன் உருவாக்கிய பிட்டோரன்டின் அடிப்படையும் ஏறக்குறைய அதுவே. கோப்பைத் துண்டுகளாக்கி, வைத்திருப்பவர் இல்லாதவருக்குக் கொடுப்பது. 2015இல் வந்த விண்டோஸ் 10இல் 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' என்ற பெயரில் இதே ஏற்பாடு இருந்தது. பக்கத்துக் கணினி தரும் துண்டு கெட்டதோ என்ற அச்சமும் வேண்டாம். ஒவ்வொரு துண்டும் மைக்ரோசாஃப்ட் தந்த அடையாளக் குறியீட்டோடு ஒப்பிட்ட பிறகே ஏற்கப்படும்.

அப்படியென்றால் எங்கள் அறையில் ஏன் நடக்கவில்லை? அமைப்புகளைத் திறந்தேன். பகிர்வு அணைந்திருந்தது. அணைத்தவன் நான்தான். வீட்டுப் பயனர்களுக்கான பதிப்புகளில் அது இணையத்தில் உள்ள அயலாருக்கும் பகிரும்படி வந்தது. "நம் இணைப்பை யாரோ தின்பதா?" என்ற கோபத்தில் மொத்தமாக அணைத்தேன். உள்வலையில் உள்ள கணினிகளுக்கு மட்டும் பகிரலாம் என்ற தேர்வு அதற்கு நேர் கீழேயே இருந்தது. அதைப் படிக்கவில்லை.

அதைத் தேர்ந்த பிறகும் 'ஆக்டிவிட்டி மானிட்டர்' உள்வலைப் பங்கைச் சுழியம் என்றே காட்டியது. அடுத்த ஞாயிறுகளில் தடைகள் ஒவ்வொன்றாக அகப்பட்டன. முதலாவது, 4 ஜிபி நினைவகம் இல்லாத கணினி பகிர்வில் சேராது என்பது இயல்பான விதி. எங்களுடையவற்றில் ஏழு 2 ஜிபி. குரூப் பாலிசியில் அந்த வரம்பைக் குறைத்தேன். இரண்டாவது, பகிர்வு நடப்பது 7680ஆம் எண் போர்ட்டில். நான் நிறுவியிருந்த தீச்சுவர் உள்வரும் இணைப்பைத் தடுத்துக்கொண்டிருந்தது. மூன்றாவது, கம்பியில்லா இணைப்பில் இருந்த ஆறு கணினிகளையும் ரவுட்டரின் 'விருந்தினர்' வலையில் வைத்திருந்தேன். அவ்வலையில் இருப்பவர் வெளியுலகைப் பார்க்கலாம். அடுத்த மேசையைப் பார்க்க முடியாது.

கடைசியாக ஒன்று. பத்தும் ஒரே நேரத்தில் தொடங்கினால் கொடுக்க யாரிடமும் எதுவும் இராது. ஆகவே ஒரு கணினியை மட்டும் முந்தைய இரவே இயக்கிவைக்கும்படி ஆசிரியரிடம் சொன்னேன். இறக்கிய கோப்பை அது இயல்பாக மூன்று நாள் வைத்திருக்கும். இணைய இணைப்பையும் அறுக்கக் கூடாது, ஏனெனில் எவர் பக்கத்தில் இருக்கிறார் என்பதைச் சொல்வது தொலைவில் உள்ள சேவை ஒன்றே.

அடுத்த பெரிய மேம்படுத்தலின்போது முதல் கணினி இரவில் இறக்கியது. காலையில் மற்றவை தமக்கு வேண்டியதில் பெரும்பகுதியை அதனிடமிருந்தே பெற்றன. யாருடைய பக்கமும் நிற்கவில்லை. ஆசிரியர் திரையைப் பார்த்துவிட்டு, "இது முன்னமே தெரிஞ்சிருந்தா அந்தப் பொண்ணு..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார்.

அவள் மீண்டும் எங்கள் அறைக்கு வரவில்லை. வேறெங்கேனும் விண்ணப்பித்திருக்கலாம். நெரிசல் அங்கேதான் என்று அவளிடம் நான் சொன்ன சொல் மட்டும் திருத்தப்படாமல் நிற்கிறது.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்தது. அந்தப் பழைய கணினிகளை இனி என்ன செய்வது என்று ஆசிரியரும் நானும் பேசி வருகிறோம். நண்பர்களே, உங்கள் ஊரிலும் இப்படி ஓர் அறை இருந்தால், கடைசி நாள் வருவதற்கு முன்பே ஒருமுறை ரவுட்டரின் விளக்கைப் பாருங்கள்.