17-ம் பக்கத்துப் பூந்தி!

ஆன்டிபாடின்னா என்னன்னு கேட்டா, ப்ளஸ் டூ பயாலஜி படிச்ச எல்லாரும் கை தூக்குவீங்க. ரத்தத்துல சுத்திவந்து கிருமியைப் பிடிக்கிற புரதம். சரி, அதையே செல்லுக்குள்ள அனுப்பி வேலை வாங்கினா? பி.டெக். பயோடெக் மூணாம் வருஷம் படிக்கிற நான், ப்ராஜெக்ட்னு போய் அதுலதான் மாட்டினேன்.

எதுக்கு உள்ளே அனுப்பணும்? புற்றுநோயைத் தூண்டுற 'ராஸ்' மாதிரியான புரதங்கள் செல்லுக்குள்ள இருக்கு. ஊசியில போடுற ஆன்டிபாடி செல் சவ்வைத் தாண்டாது. அதனால அதோட ஜீனை அனுப்பி, செல்லையே உள்ளுக்குள்ள ஆன்டிபாடி தயாரிக்க வைப்பாங்க.

லேப்ல ஒரு சீனியரோட ரிப்போர்ட் இருந்தது. ஃபேஜ் டிஸ்ப்ளே முறையில தேடி எடுத்த லிஸ்ட். ஆன்டிபாடிகளை வைரஸ் மேல உட்கார வெச்சு, ட்யூப்ல சலிச்சு எடுக்கிற டெக்னிக் அது. ஜார்ஜ் ஸ்மித்துக்கும் கிரெகரி வின்டருக்கும் 2018-ல வேதியியல் நோபல் வாங்கித் தந்த சமாசாரம். அந்த லிஸ்ட்ல ஃபர்ஸ்ட் வந்த ஆன்டிபாடியோட ஜீன்ல, பச்சையா ஒளிர்ற புரதத்தையும் சேர்த்து மனித செல்லுக்குள்ள விட்டேன். மறுநாள் மைக்ராஸ்கோப்ல செல் முழுக்கப் பச்சை பரவியிருக்கணும். ஆனா, பூந்தி மாதிரி உருண்டை உருண்டையா நின்னுச்சு! மூணு தடவை செஞ்சேன். மூணு தடவையும் பூந்தி!

"வெளியில கெட்டிக்காரன், உள்ளே போனதும் சுருண்டுட்டானா?"ன்னு சிரிச்சாங்க பிஹெச்.டி. பண்ற அக்கா. ஆன்டிபாடிங்க பெரும்பாலும் உறுதியா நிக்கிறதே கந்தக அணுக்களுக்கு நடுவுல விழுற முடிச்சாலதான். செல்லோட சைட்டோபிளாசத்துல அந்த முடிச்சு சுலபத்துல விழாது. மடிப்பு கெட்டு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். முடிச்சே இல்லாம சமாளிக்கிற சில ஆன்டிபாடிகளும் உண்டு. ஆனா, ட்யூப்ல தேடினா அது தெரியாதே! அதனாலதான் பரீட்சையையே உயிருள்ள செல்லுக்குள்ள வைக்கிறாங்க. உள்ளே இருக்கிற இலக்கை ஆன்டிபாடி பிடிச்சாத்தான் ஒரு ஜீன் 'ஆன்' ஆகும், அந்த செல் ஒளிரும். ஒளிர்ற செல்லை மட்டும் பிரிச்சு எடுத்துக்கலாம். கேம்பிரிட்ஜ்ல டெரன்ஸ் ராபிட்ஸ் குழு இதே மாதிரி முதல்ல ஈஸ்ட்டுக்குள்ள தேர்வு வெச்சது. பாலூட்டி செல்லுலயும் வேலை செய்யுதான்னு பார்த்து, ராஸைப் பிடிக்கிற ஆன்டிபாடிகளை 2003-ல வெளியிட்டாங்க.

அப்புறம் அலமாரியைக் குடைஞ்சப்போ சீனியரோட நோட்டு கிடைச்சது. உள்ளே ஒரு போட்டோ. அதே பூந்தி! ரிப்போர்ட்ல அது இல்லவே இல்லை. என் ரெண்டு மாசம் போச்சு பாஸ்!

திட்டலாம்தான். ஆனா, ட்யூப் ரிசல்ட்டை மட்டும் போட்டா எனக்கும் மார்க் நிச்சயம். ராத்திரி அப்படியேதான் டைப் பண்ணி வெச்சிருந்தேன். தூக்கம் வரலை. விடிஞ்சதும் 17-ம் பக்கத்துல என் பூந்தி போட்டோவைச் சேர்த்தேன், பெரிசாவே.

வைவாவுல எக்ஸ்டர்னல் சரியா அந்தப் பக்கத்துல நின்னுட்டார். "அப்போ ஜெயிச்சது எதும்மா?"

"இதுவரைக்கும் எதுவும் இல்லை சார்."

மார்க் இன்னும் வரலை.