ஒன்பதாவது பத்தி

மனுவின் நகலை அண்ணன் என்னிடம் நீட்டியது 2015 ஜூன் மாதத்தில், கோவை ரேஸ்கோர்ஸ் வீட்டின் முன்னறையில். "படிச்சுப் பாரு பாப்பா. தேதி எதாச்சும் தப்பா இருந்தாச் சொல்லு" என்றார். பெரியப்பா மகன். கூடப் பிறக்காவிட்டாலும் எனக்கு இருக்கும் ஒரே அண்ணன். அண்ணியோடு அவர் வாழ்ந்த 21 வருடங்கள் 41 பத்திகளாகத் தட்டச்சாகி, மூலையில் நூல் கோத்துக் கட்டப்பட்டிருந்தன. ஒன்பதாவது பத்திக்கு வந்ததும் நின்றுவிட்டேன். அதில் சொல்லப்பட்ட நாளில் நானும் அவர்களோடு இருந்தேன்.

2003 டிசம்பர். கொடைக்கானலிலிருந்து பழனி மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தோம். பெருமாள்மலை தாண்டி ஒரு டீக்கடையில் வண்டி நின்றது. முறுக்குப் பையை எடுக்கக் கதவைத் திறந்த அண்ணி, சாவியை சீட்டிலேயே வைத்துவிட்டு, லாக்கை அமுக்கிக் கதவை அடைத்துவிட்டார். ஸ்வெட்டர்கள் எல்லாம் உள்ளே. "ஒரு சாவியப் பத்திரமா வெச்சுக்கத் தெரியாதா உனக்கு?" என்று அண்ணன் போட்ட சத்தத்தில் கடையில் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி ஒன்றும் பேசவில்லை. ரோட்டோரப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பனி இறங்கிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் கழித்து அண்ணன் இரண்டு கையிலும் டீ கிளாஸோடு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். என் தோளில் கிடந்த சால்வையை வாங்கி இருவரும் சேர்த்துப் போர்த்திக்கொண்டார்கள். நடுவில் ஆறு வயது மகள். கீழேயிருந்து ஏறி வந்த லாரி டிரைவர் ஒருவர் கம்பியை வளைத்துக் கண்ணாடி இடுக்கில் விட்டுக் கதவைத் திறந்து கொடுத்தார். "இனிமே ரெண்டு சாவியும் உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார் அண்ணன். "அப்ப எங்க போனாலும் எம்பின்னாலயே வரோணும், பாத்துக்கோங்க" என்றார் அண்ணி. பழனி வரும்வரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஒன்பதாவது பத்தி இதை இப்படிச் சொல்லியது: எதிர்மனுதாரர் பொறுப்பின்றி நடந்து, பச்சைக் குழந்தையைக் கடுங்குளிரில் தவிக்கவிட்டார். இரண்டு மாதம் கழித்து அண்ணி தரப்பின் எதிர்உரை வந்தது. அதில் அதே நாள் இப்படி இருந்தது: மனுதாரர் பொது இடத்தில், அந்நியர் முன்னிலையில் கூச்சலிட்டு அவமானப்படுத்தினார். இரண்டில் எதையும் பொய் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சால்வை இரண்டிலுமே இல்லை.

வாழ்ந்து கெட்ட ஒரு மணவாழ்க்கையில் பழி செய்யும் முதல் வேலை இதுதான் என்று அன்று எனக்குப் பட்டது. கெட்ட நாட்களைப் பட்டியல் போடுவதோடு அது நிற்பதில்லை. நல்ல நாட்களுக்குள்ளும் புகுந்து, தனக்கு வேண்டிய கால் மணி நேரத்தை மட்டும் அறுத்து எடுத்துக்கொள்கிறது.

சட்டமும் அதைத்தான் கேட்கிறது. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் ஒருவர் மட்டும் விவாகரத்து கேட்பதானால் எதிரில் இருப்பவர் மேல் பெரும்பாலும் ஒரு குற்றத்தைச் சொல்லி நிரூபித்தாக வேண்டும். கொடுமை என்பதை விவாகரத்துக்கான காரணமாக 1976-இல்தான் சேர்த்தார்கள். இருவரும் மனமொத்துப் பிரிவதற்கான 13பி பிரிவும் அதே ஆண்டில் வந்தது. மனம் ஒத்துவரவில்லை என்றால் பட்டியல்தான் வழி. எவ்வளவு நீளமோ அவ்வளவு பலம் என்று எல்லோரும் நம்புகிறார்கள்.

இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கைப் பிற்பாடு படித்தபோது அண்ணனின் 41 பத்திகளும் கண்முன் வந்தன. வூஸ்டர்ஷைரில் காளான் வளர்ப்புத் தொழிலில் நன்றாகச் சம்பாதித்த குடும்பம். 1978-இல் திருமணம். 2015-இல் மனைவி வீட்டைவிட்டு வெளியேறி விவாகரத்து கேட்டார். கணவர் மறுத்தார். மனைவி தன் கணவரின் நடத்தைக்கு 27 உதாரணங்கள் கொடுத்தார். அவற்றில் ஒன்று, வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கு விமான நிலையக் கடையில் பரிசு வாங்கும்போது நடந்த வாக்குவாதம். எல்லாக் குடும்பத்திலும் இருக்கும் சின்னச் சின்ன உரசல்கள் இவை என்று சொல்லி நீதிபதி மனுவைத் தள்ளினார். மேல்முறையீட்டிலும் தோல்வி. 2018 ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும், மனமில்லாமலேதான் என்றாலும், சட்டம் அப்படி இருக்கிறது என்று அதையே உறுதிசெய்தது. பிரிந்து ஐந்து வருடம் ஆகும்வரை, அதாவது 2020 வரை, அவர் அந்த மனிதருக்கு மனைவியாகவே இருந்தாக வேண்டும். அந்த வழக்கு கிளப்பிய அதிருப்தியில் சட்டமே மாறியது. 2022 ஏப்ரல் 6 முதல் அங்கே விவாகரத்துக்கு யார் மேலும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் இப்படிச் சொன்னவர்கள் உண்டு. மீட்க முடியாதபடி முறிந்துபோன திருமணத்தை அந்தக் காரணத்துக்காகவே கலைக்கலாம் என்று சட்ட ஆணையம் 1978-இலேயே பரிந்துரைத்தது. 2006-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கான்பூர் வழக்கு வந்தது. கணவருக்கு மூன்று தொழிற்சாலைகள், 1975-இல் திருமணம், மூன்று மகன்கள். ஒருவர் மேல் ஒருவர் போட்ட சிவில், கிரிமினல் வழக்குகளைப் படிக்கவே மூச்சு முட்டும். நீதிமன்றம் அந்தத் திருமணத்தைக் கலைத்து, மனைவிக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி, சட்டத்தைத் திருத்துவது பற்றி யோசிக்கும்படி மத்திய அரசையும் கேட்டுக்கொண்டது. சட்டம் இன்னும் திருந்தவில்லை. 2023 மே 1 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, அரசியல் சாசனத்தின் 142-ஆவது பிரிவின்படி உச்ச நீதிமன்றம் அப்படிக் கலைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அந்த அதிகாரம் டெல்லியில் இருக்கும் அந்த ஒரு நீதிமன்றத்துக்கு மட்டும்தான். கோவைக் குடும்ப நீதிமன்றத்தின் வராண்டாவில் காத்திருப்பவர்களுக்கு இன்றும் பட்டியல்தான்.

பணம் இருக்கிற வீட்டில் இந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். நிறுத்தச் சொல்லி எந்த நெருக்கடியும் வராது. வக்கீல் பீஸுக்கு நகையை அடகு வைக்க வேண்டியதில்லை, வாய்தாவுக்கு ஒரு நாள் கூலி போகாது. ஒரே காம்பவுண்டில் மாடியில் ஒருவர் கீழே ஒருவர் என்று வருடக்கணக்கில் இருக்க முடியும். அண்ணனும் அண்ணியும் அப்படித்தான் 14 மாதம் இருந்தார்கள். சமையல்காரம்மாதான் இருவருக்கும் தூது.

வெளியே ஊர் தீர்ப்பெழுதிக்கொண்டிருந்தது. கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலையிலிருந்து கேள்வி வரும்: "ஏனுங் அம்மணி, தப்பு யார் மேல?" பதிலையும் அவர்களே வைத்திருப்பார்கள். காசு வந்ததும் அவனுக்குச் சேர்க்கை சரியில்லை என்பார்கள் சிலர். பெரிய இடத்துப் பெண், அடங்கிப் போகத் தெரியவில்லை என்பார்கள் வேறு சிலர். நான் அண்ணன் பக்கம் நின்று பதில் சொன்னேன். சொன்னதை நியாயம் என்றும் நம்பினேன்.

என் நம்பிக்கை உடைந்தது 23-ஆம் பத்தியில். எதிர்மனுதாரர் மனநோய்க்கு மருந்து சாப்பிடுவதை மறைத்தார், வீட்டைவிட்டு ஓடிவிடுவதாக மிரட்டினார் என்று அதில் இருந்தது. ஒரு ராத்திரி அடுப்படியில் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே அண்ணி என்னிடம் சொன்னது அது. தூக்கம் வரவில்லை, டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், சில நாள் எங்காவது போய்விடலாம் போல இருக்கிறது என்றார். யாரிடமும் சொல்லாதே என்றும் கேட்டுக்கொண்டார். நான் பதறிப்போய்ப் பெரியம்மாவிடம் சொன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். பெரியம்மாவிடமிருந்து அது வக்கீல் மேசைக்குப் போனது. 1993-இல் உச்ச நீதிமன்றம், வசதியான டெல்லித் தம்பதி ஒன்றின் வழக்கில், வாழ்க்கைத் துணையைப் புத்தி பேதலித்தவர் என்று வழக்குத் தாள்களில் எழுதுவதே ஒரு கொடுமை என்று தீர்ப்பளித்திருக்கிறது. அந்தத் தீர்ப்பைப் படித்த அன்று, அண்ணிக்கு நடந்த கொடுமையில் ஒரு பங்கு என் வாயிலிருந்து புறப்பட்டது என்று எனக்குப் புரிந்தது. அண்ணியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உன்னை எனக்குத் தெரியும் கண்ணு. ஆனா அந்தப் பேப்பர எம்பொண்ணு ஒருநா படிப்பாளே" என்றார்.

அன்று அவர் இன்னொன்றும் சொன்னார். வழக்கை இவ்வளவு பிடிவாதமாக ஏன் நடத்துகிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. 1995-இல் திருப்பூரில் அண்ணன் பனியன் கம்பெனி ஆரம்பித்தபோது முதல் எட்டு பவர் டேபிள் வாங்கியது அண்ணியின் 60 பவுனை அடகு வைத்து. முதல் ஐந்து வருடம் செக்கிங் முழுக்க அவர் கண்ணில்தான் நடந்தது. ஷிப்மெண்ட் நாட்களில் கைக்குழந்தையை அட்டைப்பெட்டியில் துணி விரித்துத் தூங்கவைத்துவிட்டு நூல் பிசிறு வெட்டுவார். ஆனால் கம்பெனி பெரியப்பா பெயரிலும் அண்ணன் பெயரிலும் இருக்கிறது. ரேஸ்கோர்ஸ் வீடு பெரியம்மா பெயரில். "எந்தப் பத்திரத்துலயும் எம்பேரு இல்ல. தப்பு அவர் மேலன்னு ஒரு தீர்ப்பாவது வேணும்ல? இல்லீன்னா இத்தன வருஷம் நான் யாரு?" என்றார்.

இதை நான் ஆழமாக நினைத்துப் பார்க்கிறேன். பெண் கொண்டுவந்த நகையும் சீரும் அவளுக்கே சொந்தம் என்று நம் சட்டம் சொல்கிறது. ஜீவனாம்சம் உண்டு. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு இருவர் உழைப்பிலும் சேர்ந்த சொத்தை இருவருக்கும் பொது என்று பார்க்கும் சட்டம் நம்மிடம் இல்லை. கோவாவில் போர்த்துகீசியர் காலத்துச் சிவில் சட்டம் அப்படிப் பார்க்கிறது. இங்கிலாந்தில் குற்றம் சொல்லாத விவாகரத்து வரும் முன்பே, 2000-இல், விவசாயத்தில் செழித்த ஒரு தம்பதியின் வழக்கில், சம்பாதித்தவருக்கும் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டவருக்கும் வித்தியாசம் பார்க்கக்கூடாது என்று அங்கே தீர்ப்பாகிவிட்டது. பங்கு முதலில் வந்தது, அதனால் பழியை விட முடிந்தது. நம் மாநிலங்களவை 2013-இல் நிறைவேற்றிய திருத்த மசோதா இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பேசியது. மக்களவையில் அது நிறைவேறாமலே காலாவதியானது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, கணவன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். எட்டு வருடம் முன்னால் இப்படி ஒரு வார்த்தை அண்ணியின் காதில் விழுந்திருந்தால், அந்த எதிர்உரை பாதிகூட நீண்டிருக்காது என்று நினைக்கிறேன்.

அடி உதை இருக்கும் வீட்டில், சூடு வைத்த வீட்டில், குற்றத்தைக் குற்றம் என்றே சொல்ல வேண்டும். அதற்குத் தனிச் சட்டங்கள் இருக்கின்றன. அங்கே நல்ல நாட்களை நினை என்று ஒரு பெண்ணிடம் சொல்வது பாவம். நான் பேசுவது அதைப் பற்றி அல்ல. இரண்டு பேர், இருவரும் மோசமானவர்கள் அல்லர், கொஞ்சம் கொஞ்சமாக ஒருவருக்கொருவர் ஆகாமல் போன வீடுகளைப் பற்றி. அங்கே தீர்க்க வேண்டிய கணக்கு உழைப்பின் கணக்கு. அதைத் தீர்க்க இடமில்லாததால் பழியின் கணக்கை எழுதுகிறோம்.

2019-இல் அவர்களும் 13பி-க்கு வந்தார்கள். சமரச மையத்தில் உட்கார்ந்து, வடவள்ளியில் ஒரு வீட்டை அண்ணி பெயருக்கு எழுதிக் கொடுத்தார் அண்ணன். அந்தப் பத்திரத்தில் கையெழுத்தான மறுநாள் எல்லாக் குற்றச்சாட்டுகளையும் இருவரும் வாபஸ் வாங்கினார்கள். நான்கு வருடச் சண்டை நாற்பது நிமிடத்தில் முடிந்தது.

ஆனால் தாள்கள் வாபஸ் ஆவதில்லை. ஒரு தீபாவளிக்கு மறுநாள் அவர்கள் மகள் என்னைத் தேடி வந்தாள். வேலைக்குப் போகும் பெண் இப்போது. அப்பாவின் அலமாரியில் மனுவையும் எதிர்உரையையும் பார்த்திருக்கிறாள். இரண்டையும் படித்திருக்கிறாள். "அத்தை, இவங்க ரெண்டு பேரும் ஒருநாள்கூட சந்தோஷமா இருந்ததே இல்லியா? நான் சின்னப் பிள்ளைல பார்த்ததெல்லாம் நடிப்பா?" என்றாள்.

அவளை உட்காரவைத்து அந்த 2003 டிசம்பர் நாளைச் சொன்னேன். சத்தம் போட்டதைச் சொன்னேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் உட்கார்ந்ததையும் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை. பிறகு இரண்டு டீ கிளாஸ், லாரி டிரைவர், சாவி. பீரோவைத் திறந்து சால்வையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறது, மற்றபடி நன்றாகவே இருக்கிறது.

அவள் அதை முகத்தோடு வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

"ரெண்டு பக்கமும் சூடா இருந்துச்சு அத்தை. எனக்கு ஞாபகம் இருக்கு. எங்கன்னுதான் தெரியாம இருந்துச்சு" என்றாள்.