பரதேச வாசம்

உத்தியோக நிமித்தமாக நாம் கொச்சிக்கு வந்து ஆறு ஆண்டுகள் நிறைந்துவிட்டன. எறணாகுளத்தில் இரயில்வே அலுவலகம். பாலங்களைக் கடந்து இக்கரையில் மட்டாஞ்சேரியில் குடித்தனம். புறப்பட்ட நாளன்று மானாமதுரையில் நம் அன்னையார் கண்கலங்கியபோது, கொஞ்ச நாளைக்குத்தான், மாற்றலுக்கு எழுதிப் போட்டாயிற்று என்று தேற்றிவிட்டு வந்தோம். அந்தக் 'கொஞ்ச நாளை' நம்பி இங்கே ஒரு கட்டில்கூட வாங்கவில்லை. பாயில் படுத்தோம், சுவரில் ஆணி அடிக்கவில்லை, மலையாள எழுத்தைக் கற்க முயலவில்லை. இன்றளவும் பேருந்தின் பலகையில் என்ன எழுதியிருக்கிறதென்று அருகில் நிற்பவரைக் கேட்டே ஏறி வருகிறோம் என்றால் நண்பர்கள் நகைக்கக்கூடும்.

வந்த புதிதில் பட்ட சிரமங்களை விரிக்க விரும்பவில்லை. வீடு பார்க்கச் சென்ற இடத்தில், தமிழர் என்றதும் முன்பணத்தை ஏற்றிச் சொன்னவர் உண்டு. கடைத்தெருவில் 'பாண்டி' என்று காதுபடச் சொன்னவர் உண்டு. நம் இல்லாள் காய்ச்சலில் படுத்தபோது, அவள் பேச்சு இவருக்கும் இவர் பேச்சு அவளுக்கும் விளங்காத நிலையிலும், மூன்று நாள் கஞ்சி காய்ச்சிக் கொணர்ந்த அண்டை வீட்டு அம்மையாரும் உண்டு. அயலாரை நம்மூரில் நாம் அழைக்கும் பெயர்களை எண்ணிப் பார்த்தால், 'பாண்டி' அப்படியொன்றும் கொடிய சொல் அன்று. பாண்டி நாட்டான் பாண்டிதானே!

மொழியின் கூத்தோ தனி. இரண்டும் உடன்பிறந்த மொழிகள் என்ற தைரியத்தில் வாய் திறந்தால் அகப்பட்டுக்கொள்வோம். இங்கே 'பட்டி' என்றால் நாய். 'சம்சாரிக்க' என்றால் பேசுவது. 'வெள்ளம்' என்றால் குடிக்கும் தண்ணீர். 2018 ஆகஸ்டு மாதத்துப் பெருவெள்ளத்தைத் தொலைக்காட்சியில் கண்டு நடுங்கிய நம் அன்னையாருக்கு, கேரளம் என்றாலே அந்தச் சொல் வேறு பொருளில்தான் நினைவுக்கு வரும்.

ஆனால் மட்டாஞ்சேரியில் யார்தாம் வெளியிலிருந்து வராதவர்? மிளகும் சுக்கும் மணக்கும் பஜார் வீதியில் நடந்தால், குஜராத்தியரின் கடைகள், கொங்கணியரின் கோயில், கச்சி மேமன்களின் பள்ளிவாசல் என்று வந்தேறியவர்களே நிறைந்திருக்கக் காண்கிறோம். சற்று அப்பால் யூதத்தெரு. அங்குள்ள ஆலயத்தின் பெயர் முதன்முறை நம்மைத் திடுக்கிட வைத்தது. பரதேசி ஜெப ஆலயம்! நம்மூரில் பரதேசி என்பது வசை. திண்ணையில் படுத்து இரந்துண்பவனைச் சொல்வது. இங்கோ, ஸ்பெயின் முதலிய தேசங்களினின்றும் துரத்தப்பட்டு வந்த யூதர்களுக்கு அதுவே குலப்பெயராக நின்றுவிட்டது. கொச்சி அரசர் தம் அரண்மனையை ஒட்டியே நிலம் தர, 1568-இல் இவ்வாலயம் எழுந்தது. 1662-இல் போர்த்துக்கீசியர் இதனைச் சேதப்படுத்தினர்; மறு ஆண்டு டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றியபின் பழுது பார்க்கப்பட்டது. 1760-இல் கட்டிய கடிகாரக் கோபுரத்தில் முகத்துக்கொரு எழுத்தில் எண்கள். இரயில்வேயில் நிமிடக் கணக்கோடு மல்லாடும் நமக்கு, அதன் முன் சற்றே நில்லாமல் போக மனம் வருவதில்லை.

இவர்களுக்கும் பல நூற்றாண்டுகள் முற்பட்டு வந்த யூதரின் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு, கி.பி. 1000-ஐ ஒட்டிப் பாஸ்கர ரவிவர்மன் என்னும் சேர மன்னர் வழங்கிய செப்பேடுகள் இவ்வாலயத்தாரின் காவலில் இருந்து வந்தன. எழுத்து, வட்டெழுத்து. மொழியோ நம் தமிழுக்கு அடுத்த வீடு. பகல்விளக்கு, பல்லக்கு, குடை, பறை, தோரணம் முதலாக 72 உரிமைகளை அயல்நாட்டான் ஒருவனுக்கு அரசர் வழங்கியிருக்கிறார். அவர் பெயர் அதில் 'இசுப்பு இரப்பான்' என்று வருகிறது. இதனை இல்லாளிடம் சொல்லி, "இரப்பானுக்குப் பல்லக்கே கிடைத்தது, நமக்கு ஒரு கட்டில்கூட இல்லை" என்றோம்.

"கட்டில் வாங்காதது இந்த ஊர் ராஜா குற்றமா?" என்றாள் அவள்.

1948-இல் இஸ்ரவேல் உருவானபின் இங்கிருந்த யூதருள் பெரும்பாலோர் படிப்படியாகப் பெயர்ந்து போயினர். இன்று பரதேசி யூதர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. தெருவும் பெயரும் இருக்கின்றன.

ஃபோர்ட் கொச்சியில் வேளி என்னுமிடத்தில் நம்மவரின் சலவைத்துறை ஒன்றுண்டு. டச்சுக்காரர் காலத்தில் படைவீரர் உடைகளை வெளுக்கத் தமிழகத்தினின்றும் அழைத்துவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழியினர் அங்கே தொழில் செய்கின்றனர். இப்போதுள்ள தொட்டிகளும் கட்டடமும் 1976-இல் அமைந்தவை. கஞ்சி போட்ட வேட்டிகளை இரட்டைக் கயிற்றின் முறுக்குக்குள் செருகி உலர்த்துகிறார்கள். கவ்வி ஒன்றும் கிடையாது, கடற்காற்றுக்கும் அசைவதில்லை. கரிப்பெட்டியால் தேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், "ஐயா, சொந்த ஊர் எது?" என்று கேட்டோம்.

"இதுதானே தம்பி. பாட்டனுக்குப் பாட்டன் அங்கேயிருந்து வந்தது. அவங்களும் கொஞ்ச நாளைக்குன்னுதான் வந்திருப்பாங்க" என்று கூறி, பெட்டியில் கரியைக் கிளறினார். மலையாள வாடை வீசினும் அவர் பேச்சு தமிழே. ஊரை விட்டு எத்தனையோ தலைமுறைக்குப் பின்னும் தமிழ்!

அன்றிரவு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை. காரணம் இதுதான். இரண்டு வாரம் முன்பு நம் மகளின் எட்டாம் பிறந்தநாளுக்கு அன்னையார் தம் நடுங்கும் கையால் அஞ்சலட்டை ஒன்று எழுதியிருந்தார். குழந்தை அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, வாயிக்கான் அறியில்ல" என்று நம் கையில் கொடுத்துவிட்டாள். வரும்போது இரண்டு வயது; இங்கே மலையாளப் பள்ளியில் சேர்த்தோம். எப்படியும் ஊருக்குத்தானே போகிறோம், தமிழை அங்கே போய்க் கற்றுக்கொள்வாள் என்று ஆண்டுதோறும் தள்ளிவைத்தோம். மாற்றல் உத்தரவு வரவில்லை. குழந்தை மட்டும் வளர்ந்துவிட்டாள். பலகையைப் பிறரைக் கேட்டு ஏறும் தந்தை. பாட்டியின் கடிதத்தைத் தந்தையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லும் மகள். பழியை இந்த ஊர்மேல் போட வழியில்லை.

தோப்பும்படியில் ஒரு கட்டிலும், அதே வண்டியில் ஒரு சிறு கரும்பலகையும் வாங்கி வந்தோம். சுவரில் ஆணியும் அடித்தாயிற்று. மாலை வேளையில் இல்லாள் குழந்தைக்கு 'அ' எழுதுவிக்கிறாள். அதே பலகையின் மறுபாதியில் குழந்தை நமக்கு மலையாள எழுத்து கற்பிக்கிறாள். ஆசிரியர் கண்டிப்பு மிகுந்தவர், காதைத் திருகுகிறார்.

நான்கு திங்களில் அவள் தன் கைப்பட முதற் கடிதம் எழுதினாள். தெருக்குழாயில் குடம் வைத்துக் காத்திருந்த நாங்கள் அம்மாதந்தான் வீட்டுக் குழாய் இணைப்புப் பெற்றிருந்தோம். அச்செய்தியை எழுதியிருந்தாள்: "அப்பத்தா, நான் நல்லா இருக்கேன். நம்ம வீட்டுக்குள்ளே வெள்ளம் வந்திருச்சு. எல்லாருக்கும் ரொம்ப சந்தோசம்."

திருத்த மனம் வரவில்லை. இல்லாள் மட்டும் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்தாள்: "அத்தை, பயப்பட வேண்டாம். குழாயில் தண்ணீர் வருகிறது என்கிறாள்."